மொன்னெ என்றால் எந்தக் கிழமை

"மறுத்துட்டாங்க."

ஆரோக்கியசெல்வி இதைத் தனக்குள் சொல்லிக்கொண்டதாகத்தான் நினைத்தாள். ஆனால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற லட்சுமியம்மாளின் காதில் அது விழுந்துவிட்டது.

"யாருங்க மறுத்தது? டாக்டருங்களா?"

"டாக்டர் இல்லம்மா. இன்சூரன்ஸ் கம்பெனி."

"அவங்க யாருங்க மறுக்கறதுக்கு? அவங்க வந்து இவரப் பாக்கவேயில்லயே!"

செல்வி ஓசூரில் அந்தத் தனியார் மருத்துவமனையின் காப்பீட்டு மேஜையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். நோயாளியை ஒருநாளும் பார்க்காதவர்கள்தான் பெங்களூரில் ஓர் அறையில் உட்கார்ந்து சரி என்றும் இல்லை என்றும் சொல்கிறார்கள். அவர்கள் பார்ப்பது காகிதத்தை. அந்தக் காகிதத்தை அவர்களுக்கு அனுப்புவதுதான் செல்வியின் வேலை.

மணி பன்னிரண்டு நாற்பது. மேலே இரண்டாம் மாடியில் லட்சுமியம்மாளின் கணவர் சென்னகிருஷ்ணன் படுத்திருந்தார். தொரப்பள்ளிப் பக்கம் தக்காளி பயிரிடுகிறவர், ஐம்பத்திரண்டு வயது. விடியற்காலை நெஞ்சை அடைத்து, பக்கத்துத் தோட்டத்துக்காரரின் தக்காளி வண்டியில் கூடைகளுக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். பத்து மணிக்கு ஆஞ்சியோ பார்த்தாயிற்று. பெரிய ரத்தக் குழாயில் அடைப்பு. "இன்னிக்கே ஸ்டென்ட் வைக்கணும். நாளைக்குன்னு தள்ளிப்போடற கேஸ் இல்ல இது" என்று சொல்லிவிட்டுப் போனார் இதய மருத்துவர். அவர் ஆறு மணிக்கு மேல் ஓசூரில் இருக்கமாட்டார். நாலு மணிக்குள் அனுமதி வந்தால் ஐந்து மணிக்கு உள்ளே எடுத்துவிடலாம்.

இப்போது வந்திருப்பது அனுமதி அல்ல.

"என்னன்னு போட்டிருக்குதுங்க?"

செல்வி திரையைப் பார்த்துத் தமிழாக்கிச் சொன்னாள். "உங்க வீட்டுக்காரருக்கு பிபி நெடுநாளா இருக்குதாம். பாலிசி எடுக்கும்போது அதச் சொல்லாம மறைச்சுட்டீங்களாம். பழைய நோய்க்கு மூணு வருஷம் காத்திருக்கணும். நீங்க எடுத்து பதினாலு மாசந்தான் ஆகுது. அதனால கிடையாதுன்னு எழுதிட்டாங்க."

"நாங்க மறைச்சமா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"இவுரு உள்ளங்கையில முள்ளு குத்தினாக்கூட ஊரக் கூட்டறவரு. இவுரு போயி நோவ மறைப்பாராங்க!"

செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மேஜைக்கு முன்னால் நின்று சத்தியம் செய்தவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அதில் பாதிப் பேர் பொய் சொன்னவர்கள். மீதிப் பேரை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு எந்த விதியும் இல்லை.

"பாலிசி யாரு எடுத்தது?"

"மவ. சௌமியா. கம்பெனியில வேல செய்யறா. மொத சம்பளத்துல எங்களுக்குன்னு எடுத்துக் குடுத்தா."

"அவங்களக் கூப்பிடுங்க, நான் பேசறேன்."

"எங்கிங்க கூப்பிடறது? ஆறு மணி ஷிஃப்டு. உள்ள போறப்பவே போன வாங்கி லாக்கர்ல போட்டுப் பூட்டிருவாங்க. ரெண்டு மணிக்குத்தான் கைக்கு வரும். அப்பனுக்கு நெஞ்சடைச்சதே அவளுக்குத் தெரியாது."

செல்வி கோப்பைத் திறந்தாள். காலை ஏழு மணிக்குச் சேர்க்கும்போது டியூட்டி டாக்டர் எழுதிய முதல் பக்கம். மூன்றாவது வரியில் தெளிவாக இருந்தது: பிபி உண்டு, லாங் ஸ்டாண்டிங், மாத்திரை சாப்பிடுகிறார். கீழே டாக்டர் வெஸ்லினின் கையெழுத்து.

"சரி, எங்கிட்ட உண்மையச் சொல்லுங்கம்மா. பிபி எப்போருந்து?"

"அதான் காலையிலயே அந்த டாக்டருகிட்டச் சொன்னமுங்களே. மொன்னெயிருந்துதாங்க மாத்திர போட்டுனு இருக்கறாரு."

செல்வி பேனாவைக் கீழே போட்டாள்.

"முன்னேயிருந்தே இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப பாலிசி எடுக்கும்போது எழுதியிருக்கணுமா வேணாமா?"

"பாலிசி எடுத்தது போன வருஷமுங்களே!"

"அதத்தாம்மா கேக்கறேன். போன வருஷமே ஏன் சொல்லல?"

"மொன்னெ வந்தத போன வருஷம் எப்படிங்க சொல்றது? நான் என்ன குறி சொல்றவளா?"

லட்சுமியம்மாளின் குரல் உயர்ந்துவிட்டது. மருந்துக் கடை வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செல்வி பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். எலத்தகிரியில் பிறந்து, கட்டிக்கொடுத்து ஓசூருக்கு வந்தவள் அவள். கன்னடம் கன்னடமாக வந்தால் அவளுக்குப் புரியும். தமிழுக்கு நடுவில் ஒளிந்து வந்தால் பிடிபடாது.

"மொன்னென்னா?" என்றாள் மெதுவாக.

"மொன்னென்னா மொன்னெதாங்க!"

"எந்தக் கிழமைம்மா?"

"இன்னிக்கி வியாழன். நேத்து புதன். மொன்னெ செவ்வா. செவ்வாக்கெழம தோட்டத்துல தல சுத்துதுன்னு உக்காந்துட்டாரு. எங்கூரு ஆரம்ப சுகாதார நெலயத்துக்குக் கூட்டினு போனேன். பிபி ஏறியிருக்குதுன்னு மாத்திர குடுத்தாங்க. செவ்வா ஒண்ணு, புதன் ஒண்ணு, ரெண்டே மாத்திரதாங்க உள்ள போயிருக்குது."

வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, ஆபீசில் தமிழ் என்று பேசுகிற குடும்பம். அங்கே மொன்னெ என்றால் நேற்றைக்கு முந்தின நாள். கேட்ட காதுக்கு அது வருடக்கணக்காகிவிட்டது.

"இங்கயே உக்காருங்க. எங்கயும் போகாதீங்க" என்று சொல்லிவிட்டுச் செல்வி மாடிப்படியில் ஓடினாள்.

டாக்டர் வெஸ்லின் இரவுப் பணி முடித்து டியூட்டி அறையில் சட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தார். மார்த்தாண்டத்துக்காரர். ஓசூருக்கு வந்து பதினேழு நாள்.

"சார். சார், எந்திரிங்க. சென்னகிருஷ்ணன் கேஸு."

"என்னாச்சு? நெஞ்சுவலி கூடிட்டா?"

"இல்ல. பிபி எப்போருந்துன்னு கேட்டதுக்கு அவர் என்ன சொன்னார்?"

வெஸ்லின் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "எப்பம் இருந்து உண்டுன்னு கேட்டேன். முன்னேயிருந்து உண்டுன்னாரு. அதையாக்கும் எழுதினேன். ஏன்க்கா?"

"முன்னேன்னா சொன்னார், மொன்னென்னா சொன்னார்?"

"ரெண்டும் ஒண்ணுதாம்லா?"

"உங்க ஊர்ல."

செல்வி சொல்லி முடித்தபோது வெஸ்லினின் தூக்கம் முழுதும் போயிருந்தது. கோப்பை வாங்கி அந்த மூன்றாவது வரியையே பார்த்தார். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இப்பமே மாத்திரலாம். இத அடிச்சுட்டு, ரெண்டு நாளாட்டுன்னு..."

செல்வி அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்துவிட்டாள்.

"தொடாதீங்க சார். இந்தப் பக்கம் காலையிலயே பெங்களூரு போயிருச்சு. இப்ப நீங்க மாத்தினா அவங்ககிட்ட ஒண்ணு, நம்மகிட்ட ஒண்ணுன்னு ஆயிரும். மறைச்சது நோயாளி மட்டும் இல்ல, ஆஸ்பத்திரியே சேர்ந்து மறைக்குதும்பாங்க. அதுக்கப்புறம் நெஜத்தச் சொன்னாலும் ஏறாது."

"அப்பம் நான் எழுதின தப்பு அப்படியே கெடக்கட்டுமா?"

"கெடக்கட்டும். தனியா ஒரு கடிதம் எழுதுங்க. நோயாளி சொன்ன சொல்லு இது, நான் புரிஞ்சுக்கிட்டது இது, மறுபடி விசாரிச்சதுல தெரிஞ்சது இது. இன்னிக்கித் தேதி, இப்ப என்ன மணியோ அந்த மணி, கையெழுத்து, உங்க பதிவு எண்ணு, சீலு."

வெஸ்லின் பேனாவை மூடினார். "எனக்கு பாஷ தெரியாதுன்னு நானே எழுதிக் குடுக்கணும்."

"ஆமா சார்."

"மேல இருக்கியவங்க கேப்பாங்கல்லா?"

"கேப்பாங்க. ஒரு மெமோ வரும்." அவள் பொய் சொல்லவில்லை. "எழுதுங்க, மணி ஒண்ணே கால்."

அவர் எழுதினார். எழுதும்போது ஒருதரம் நிமிர்ந்து, "மொன்னெ, எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கக்கா" என்றார்.

கடிதத்தை அனுப்பிவிட்டுச் செல்வி பெங்களூருக்குப் போன் போட்டாள். பதினெட்டு நிமிடம் பாட்டுக் கேட்டபிறகு காப்பீட்டுக் கம்பெனியின் மருத்துவர் ஹரீஷ்குமார் லைனில் வந்தார். இவள் சொன்னதை நடுவில் பேசாமல் கேட்டார்.

"மேடம், நீங்க கோவிச்சுக்காதீங்க. நாங்க இல்லேன்னு சொன்ன அப்புறம் எல்லா ஆஸ்பத்திரியும் இதே மாதிரி கடிதம் ஒண்ணு அனுப்பறாங்க. போன வாரம் ஒருத்தர், பத்து வருஷம்ன்னு எழுதினது பத்து நாள்ன்னு அனுப்பினாரு. ஸ்பெல்லிங் மிஸ்டேக்காம்."

"இது அந்த மாதிரி இல்ல சார்."

"எல்லாரும் அதுதான் சொல்றது."

செல்விக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. "சார், நீங்க கன்னடந்தானே?"

"ஹௌது. ஏன்?"

"அந்தம்மா எதிர்ல இருக்காங்க. நான் ஒரு வார்த்தை சொல்லித்தரல. போனக் குடுக்கறேன். நீங்களே கேளுங்க."

லட்சுமியம்மாள் போனை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்தாள். செல்வி தள்ளி நின்றாள். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்டது.

"ஹா சார்... மொன்னெயிந்த சார்... மங்களவார... இல்லா சார், அதக்கிந்த முஞ்சே ஏனூ இரலில்லா..." செவ்வாய்க்கிழமையிலிருந்துதான், அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவள் திடீரென்று அழ ஆரம்பித்துவிட்டாள். போன் செல்வியிடம் திரும்பி வந்தது.



"எனக்குப் புரிஞ்சிடுச்சு மேடம்" என்றார் ஹரீஷ்குமார். குரல் மாறியிருந்தது. "ஆனா எனக்குப் புரிஞ்சது ஃபைல்ல ஏறாது. நாளைக்கு ஆடிட்காரர் கேட்டா, அந்தம்மா போன்ல அழுதாங்கன்னு எழுத முடியுமா? செவ்வாய்க்கிழமை அந்த சுகாதார நிலையத்துல பார்த்ததுக்கு ஒரு காகிதம் குடுங்க. நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே யாரோ எழுதி வெச்ச காகிதம். அது வந்தா நான் திருப்பிப் பாக்கறேன்."

"எத்தன மணி வரைக்கும் சார்?"

"நான் நாலுக்கு சீட்ட விட்டு எந்திரிப்பேன்."

போனை வைத்ததும் செல்வி கேட்டாள்: "அம்மா, செவ்வாய்க்கிழமை ஒரு சீட்டு குடுத்திருப்பாங்களே, எங்க?"

"ஊட்டுல இருக்குது. டிவி மேல."

"வீட்டுல யார் இருக்கா?"

லட்சுமியம்மாள் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துக் காட்டினாள். "யாருமில்லீங்க. சாவி இங்கதான் இருக்குது."

அந்தச் சீட்டு வந்தாலும் அதில் மாத்திரையின் பெயர்தான் இருக்கும்; நோய் புதிதா பழையதா என்பது சுகாதார நிலைய ரிஜிஸ்டரில்தான், அதை வீட்டு ஆள் போய்த்தான் கேட்க முடியும். சௌமியா வெளியே வரும் இரண்டு மணி வரைக்கும் ஒன்றும் செய்வதற்கில்லை. லட்சுமியம்மாள் நாற்காலியில் உட்காருவதும் எழுந்து மாடிப்படியைப் பார்ப்பதுமாக இருந்தாள். பிறகு மேஜைக்கு வந்தாள்.

"மேடம், ஒண்ணு சொல்றன். கையிலருந்து கட்டறதுக்கு எங்களால ஆவாது. கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டினு போயிடறோம். வண்டிக்காரு வெளியதான் நிக்கறாரு."

"தக்காளி வண்டியிலயா?"

"வந்தமுங்களே."

"வந்தப்ப என்ன இருக்குன்னு தெரியாது. இப்பத் தெரியும். குருபரப்பள்ளி தாண்டறதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா ரோட்டுல வெச்சு என்ன பண்ணுவீங்க?" கடுமையாகச் சொல்லிவிட்டு, உடனே குரலைத் தணித்தாள். "ரெண்டு மணி ஆகட்டும்மா. அதுக்கப்புறமும் ஆகலேன்னா, ஆம்புலன்ஸுல டாக்டரோட அனுப்ப நானே ஏற்பாடு பண்றேன். இப்ப உக்காருங்க."

இரண்டு பத்துக்கு லட்சுமியம்மாளின் போன் அடித்தது. பதினான்கு தவறிய அழைப்பைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள் சௌமியா. அம்மா அழுததில் பாதிதான் அவளுக்குப் புரிந்தது. செல்வி போனை வாங்கிக்கொண்டாள்.

"சௌமியா, அப்பா நல்லா பேசிட்டிருக்கார். இப்ப அழாத. இங்க வராத."

"வராம எப்படி மேடம்?"

"உங்க ஊரு சுகாதார நிலையத்துக்குப் போ. செவ்வாய்க்கிழமை ரிஜிஸ்டர்ல அப்பா பேரு இருக்கும். அந்தப் பக்கத்தப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. தேதி தெரியணும். பேரு தெரியணும். பழைய நோயாளியா புது நோயாளியான்னு ஒரு கட்டம் இருக்கும், அது கண்டிப்பா தெரியணும்."

"கம்பெனி பஸ்ஸு மூணு மணிக்குத்தான் அங்க போகும்."

"யாருகிட்டயாவது ஸ்கூட்டி கேளும்மா!"

போனை வைத்தபின்தான் செல்விக்கு அந்தப் பயம் வந்தது. கட்டத்தில் 'பழையது' என்று இருந்தால்? அழுத கண்ணை நம்பி, காகிதம் வருகிறது என்று பெங்களூருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. வந்தால் எதுவாக இருந்தாலும் அனுப்பியே ஆகவேண்டும். லட்சுமியம்மாளை ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பயமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். பொய் சொல்கிறவர்களும் அப்படித்தான் உட்காருவார்கள்.

இரண்டு ஐம்பதுக்கு சௌமியா மறுபடி கூப்பிட்டாள்.

"மேடம், போட்டோ எடுக்கக்கூடாதுங்கறாங்க. மெடிக்கல் ஆபீசர் கேம்புக்குப் போயிட்டாங்களாம்."

"யாரு இருக்கா அங்க? குடு."

"நான் நர்ஸ் பெனிஷா பேசறங்க. ரிஜிஸ்டர்ல ஒரு பக்கத்துக்கு இருவது பேரு இருக்கறாங்க. யாருக்கு என்ன நோவுன்னு எல்லாம் இருக்குது. அது வெளிய போனா நாளைக்கு எம் பேருதாங்க நாறும்."

"நீங்க சொல்றது சரிதான் சிஸ்டர். நானும் அதே இடத்துல இருந்தா இதேதான் சொல்வேன்." செல்வி மூச்சை இழுத்துவிட்டாள். "ஒண்ணு பண்ணலாமா? அவங்கப்பா வரிக்கு மேல ஒரு பேப்பரு, கீழ ஒரு பேப்பரு வெச்சு மறைச்சுருங்க. தலைப்பு தெரியட்டும், அந்த ஒரே வரி தெரியட்டும். அது அவங்க வீட்டு வரி. வேற யாரும் வெளிய வரமாட்டாங்க. உங்க மெடிக்கல் ஆபீசர்கிட்ட போன்ல கேட்டுட்டே செய்யுங்க."

"அவங்க கேம்புல எடுப்பாங்களோ என்னமோ..."

"எடுக்கற வரைக்கும் போடுங்க சிஸ்டர். இங்க ஒருத்தர் நெஞ்சுல அடைப்போட படுத்திருக்கார்."

மூன்று மணி. மூன்று பத்து. மூன்று இருபது. வெஸ்லின் இறங்கி வந்து மேஜையருகே நின்றார். "வீட்டுக்குப் போங்க சார், ராத்திரி டியூட்டி இருக்கு" என்றாள் செல்வி. "தூக்கம் வருமாக்கா?" என்றார் அவர்.

மூன்று இருபத்தெட்டுக்குப் படம் வந்தது.

மேலே ஒரு காகிதம். கீழே காகிதம் போதாமல் சௌமியாவின் கம்பெனி அடையாள அட்டை, நீல நாடாவோடு. நடுவில் ஒரே ஒரு வரி. செவ்வாய்க்கிழமையின் தேதி. சென்னகிருஷ்ணன், 52. பிபி 176/110. மாத்திரை பத்து. செல்வி விரலால் படத்தை இழுத்துப் பெரிதாக்கினாள். கடைசிக்கு முந்தின கட்டத்தில் ஊதா மையில், அவசரக் கையெழுத்தில், ஒரு சொல்: புதிது.

"என்னங்க போட்டிருக்குது?" லட்சுமியம்மாள் கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்துக் கேட்டாள்.

"நீங்க சொன்னதத்தாம்மா போட்டிருக்கு."

மூன்று முப்பத்தொன்றுக்கு அனுப்பினாள். ஹரீஷ்குமாருக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், பாட்டு. மூன்று நாற்பத்தைந்துக்குத் திரையை ஒரு முறை புதுப்பித்தாள், ஐம்பதுக்கு ஒரு முறை. மாடியிலிருந்து இதய மருத்துவரின் ஆள் வந்து, "என்ன சொல்றாங்க? சார் கேக்கறாரு" என்றான். "அஞ்சு நிமிஷம்" என்றாள். ஐம்பத்தைந்துக்கும் அதையே சொன்னாள்.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு மறுப்பு என்றிருந்த சிவப்புச் சொல் போய்ப் பச்சையில் ஒரு சொல் வந்தது. கீழே ஹரீஷ்குமார் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: ரத்த அழுத்தம் பாலிசிக்குப் பின் கண்டறியப்பட்டது. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் தேதியோடு இருக்கவேண்டும். 'மொன்னெ' என்ற சொல்லாக அல்ல.

"வந்துருச்சும்மா" என்றாள் செல்வி. லட்சுமியம்மாள் கையிலிருந்த வீட்டுச் சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு மாடிப்படியை நோக்கி நடந்தாள்.

நாலரைக்குச் சம்மதக் கையெழுத்துக்காகச் செல்வி மேலே போனாள். சென்னகிருஷ்ணனைத் தள்ளுகட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள். வெஸ்லின் உள்ளே எடுப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகளின் தாளோடு அருகில் நின்றார்.

"ஐயா, ஊட்டா ஆச்சா?" என்றார். சாப்பாடு ஆயிற்றா என்பதற்குப் புதிதாகக் கற்ற கன்னடம்.

"ஆகலே" என்றார் சென்னகிருஷ்ணன்.

வெஸ்லினின் பேனா 'வெறும் வயிறு' என்ற கட்டத்துக்குப் போனது. டிக் அடிக்கத் தொட்ட இடத்திலேயே நின்றது. அவர் நிமிர்ந்து செல்வியைப் பார்த்தார். 

"ஐயா, கோவிக்காதீங்க. ஆகலேன்னா சாப்பிடலேன்னா, சாப்பிட்டாச்சுன்னா?"

"ஆகலே ஆயித்துங்கறேன். ஆகலேன்னா எங்க பாஷயில அப்பவே. அப்பவே ஆயிருச்சு. இந்தத் தம்பிக்கு எத்தன தடவதான் சொல்றது?" சென்னகிருஷ்ணன் மனைவியைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

"எத்தன மணிக்கு?"

லட்சுமியம்மாள் தரையைப் பார்த்தாள். "ஆஞ்சியோ முடிஞ்சு வந்து பசிக்குதுன்னாரு. பதினொன்ரைக்குங்க. ரெண்டே இட்லி."

வெஸ்லின் மனதுக்குள் மணியைக் கூட்டினார். ஐந்து மணி நேரம் ஆகிறது. "பரவால்ல, போதும்" என்று சொல்லி எழுதினார்: காலை 11.30, இட்லி 2.

"மூணு" என்றார் சென்னகிருஷ்ணன்.

"சும்மா இருங்க" என்றாள் லட்சுமியம்மாள்.

"மூணு தின்னுட்டு ரெண்டுன்னா, அப்பறம் அதுக்கும் மறைச்சுட்டான்னு எழுதிடப்போறாங்க."

வெஸ்லின் இரண்டின் மேல் ஒரே ஒரு கோடு போட்டார், அடியில் இருப்பது தெரியும்படி. பக்கத்தில் மூன்று என்று எழுதினார். அதற்குப் பக்கத்தில் கையெழுத்து, தேதி, மணி. பிறகு தாளைச் செல்வியிடம் காட்டினார்.

"கிழமையும் போடுங்க சார்" என்றாள் செல்வி.

வியாழன் என்று எழுதினார். கட்டில் நகர்ந்தது.